பல்கலைக்கழகத்துக்கு இன்னும் பதினான்கு வருடம்

டீச்சருடைய பாலர் பள்ளியில் வெண்பலகையின் வலது மூலையில் தேதி எழுதும் வழக்கம் கிடையாது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு மையில் மூன்று வரிகள் இருக்கும். ‘நான்கு வயது: பல்கலைக்கழகத்துக்கு இன்னும் பதினான்கு வருடம். ஐந்து வயது: பதின்மூன்று வருடம். ஆறு வயது: பன்னிரண்டு வருடம், ஜாக்கிரதை.’ அந்த ஜாக்கிரதை ஆறு வயதுக்காரர்களுக்கு மட்டும். அவர்களோ அதற்கு நேர் கீழே சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒருவர் மூக்கை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்.

நான் அந்தப் பள்ளிக்கு வேன் ஓட்டினேன். மலேசியாவில் ரந்தாவ் சிற்றூரைச் சுற்றியுள்ள நான்கு தோட்டங்களில் நாற்பது பிள்ளைகளை இரண்டு நடையாக ஏற்றி எட்டு மணிக்குள் இறக்கிவிட வேண்டும். எட்டு வருடம் இந்த வேலை. இப்போது மம்பாவில் குடியிருந்துகொண்டு தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். பஸ்ஸில் யாரும் வாந்தி எடுப்பதில்லை, யாரும் பாட்டுப் பாடுவதும் இல்லை. பள்ளி மூடிப் பல வருடமாகிவிட்டது. டீச்சரும் தங்கையோடு இருக்கக் கிள்ளான் பக்கம் போய்விட்டார். ஆனாலும் சாலையில் ஏதாவது பாலர் பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்தால், அவர் எனக்குக் கட்டிவிட்ட டையின் ஞாபகம் வந்து கழுத்து அரிக்கிறது.

டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தோட்டத்துச் சனங்கள் அவரைக் ‘கிராணி வீட்டு டீச்சர்’ என்பார்கள். அவருடைய அப்பாவும் தாத்தாவும் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள். யாழ்ப்பாணத்திலிருந்து பேனாவோடு கப்பல் ஏறிய குடும்பம். எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு ஏறியவர்கள். ஒரே தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்தும் அவர் பேச்சில் அந்த ஊர் வாசம் போகவில்லை. “தம்பி, எங்கட அப்பா சொல்லுவார், காணி பூமி கையை விட்டுப் போகும், கடுதாசி போகாது எண்டு” என்பார். அவருக்குக் கடவுள் நம்பிக்கையும் உண்டு. ஆனால் கடவுளிடம்கூட எழுத்தில் ஏதாவது இருந்தால் நல்லது என்று நினைக்கிற மனுஷி.

பள்ளி நடந்த இடம் பழைய ஆயாக்கொட்டகை. ரப்பர் பாலுக்காக மரம் சீவப் போன பெண்கள் பிள்ளைகளைத் தூளியில் போட்டு ஆயாவிடம் விட்டுவிட்டுப் போன இடம். அப்போது அங்கே பிள்ளைகளைத் தூங்கவைப்பதுதான் ஒரே பாடம். டீச்சர் வந்து அதை மாற்றினார். தூளி தொங்கிய அதே இரும்புக் கொக்கிகளில் கறுப்புப் பட்டமளிப்பு அங்கிகள் தொங்கின, மிகச் சிறிய அளவில், இஸ்திரி போட்டு.

அவருடைய கொள்கை ஒன்றே ஒன்றுதான். பல்கலைக்கழகத்தில் இடம் கொடுக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை, விளையாட்டு, பேச்சுப்போட்டி போன்ற புறப்பாட நடவடிக்கைக்கும் புள்ளி போடுகிறார்கள். பள்ளி அளவில் கலந்துகொண்டால் இத்தனை, மாவட்ட அளவில் என்றால் அதைவிடக் கூட. எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். பதினேழு வயதில்தான் நம் சனத்துக்கு இது தெரியவருகிறது. அப்புறம் சான்றிதழ் தேடி நாய் படாத பாடு.

“பதினேழு வயசில ஓடித் திரிஞ்சு பிரயோசனம் இல்லைத் தம்பி. நாலு வயசில ஃபைல் போடவேணும்.”

போட்டார். பள்ளியில் சேர்ந்த அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் நீல நிறத்தில் ஒரு ஃபைல், உள்ளே நூறு பிளாஸ்டிக் உறைகள். அந்த நூறையும் நிரப்புவதை அவர் வேள்வியாகச் செய்தார். பயற்றங்காயைத் துப்பாமல் தின்றதற்குச் சான்றிதழ். நர்ஸ் ஊசி போட்டபோது அழாததற்குச் சான்றிதழ். அழுதவர்கள் மனம் நோகக்கூடாது என்று, அழுதாலும் ஓடாமல் நின்றதற்கு ஓர் ஆறுதல் சான்றிதழ். ஓடிப்போனவனைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் தேடிப்பிடித்துத் தூக்கிவந்தது நான். அவனுக்கு ஓட்டப்பந்தயத்தில் கொடுத்துவிட்டார். வேனில் வாந்தி எடுக்காமல் வந்ததற்கு மாதாமாதம் ஒன்று, அதில் மட்டும் என் கையெழுத்தும் இருக்கும். நான்கு தோட்டத்துப் பிள்ளைகளும் வேனில் வருவதால் அதை மாவட்ட அளவு என்று அச்சடித்தார். கோயில் திருவிழாவில் பால்குடம் தூக்கிய பிள்ளைகளுக்கு ‘சமயம் மற்றும் உடல் வலிமைப் பிரிவு’. பூசாரியிடம் கையெழுத்துக் கேட்டார். பூசாரி என்ன ஏது என்று புரியாமல் அதற்கும் விபூதி போட்டுக் கொடுத்தார்.

நாலு வயதுச் சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் மோந்துகூடப் பார்க்காது என்று படித்தவர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பூனைக்கு மணி கட்டுவது யார்?

முதலில் சிரித்த தாய்மார்களுக்கும் பிறகு அந்தக் காய்ச்சல் தொற்றிவிட்டது. லோரி ஓட்டுநர் மனைவி கோமதி வேன் நிற்கிற இடத்தில் மற்றவர்களிடம் கணக்குச் சொல்வாள். “எம்மவனுக்கு அறுபத்திரண்டுலா. ஒங்க வீட்ல எத்தன?” அவள் மகன் ஒருநாள் பக்கத்துப் பையனின் தோளைப் பல் பதியக் கடித்துவிட்டான். கடிபட்டவன் திருப்பிக் கடிக்கவில்லை என்பதால் டீச்சர் அவனுக்குப் ‘பொறுமை’ச் சான்றிதழ் கொடுத்தார். மறுநாள் காலையில் கோமதி வேனிலேயே ஏறி வந்துவிட்டாள்.

“டீச்சர், நாயம்னு ஒண்ணு இருக்குலா. கடிச்சது எம்மவன். அவன் கடிக்கலன்னா அந்தப் பையனுக்குப் பொறுமை எங்கேருந்து வரும்? அந்தப் பேருல பாதி எம்மவனுக்கு வரணுமா இல்லியா?”

டீச்சர் கோபப்படவில்லை. கன்னத்தில் கைவைத்து யோசித்தார். மத்தியானம் வீட்டுக்குப் போகும்போது கோமதியின் மகன் கையில் ‘கூட்டு முயற்சி’ என்று ஒரு சான்றிதழ் இருந்தது. அறுபத்து மூன்று.

இப்போது டை. வெள்ளிக்கிழமைதோறும் நேர்முகத் தேர்வுப் பயிற்சி. மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் டீச்சர், மற்றதில் நான். செருப்புக் காலோடும் கழுத்தில் டையோடும் நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து என் மனைவி இரண்டு நாள் சிரித்தாள். என் பங்குக்கு ஒரே கேள்வி. “உன் பலவீனம் என்ன?” ஐந்து வயதுப் பெண் ஒருத்தி கொஞ்சமும் தயங்காமல் “பல்லி” என்றாள். எனக்கு அது நேர்மையான பதிலாகத்தான் பட்டது. டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“அப்பிடிச் சொல்லக் கூடாது பிள்ளை. ‘நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன், அதுதான் என் பலவீனம்’ எண்டு சொல்லவேணும். எங்க, சொல்லுங்கோ பாப்பம்.”

அந்தப் பிள்ளை சொன்னது. சொல்லிவிட்டுச் சுவரில் பல்லி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டது.

எனக்கு எரிச்சல் வராமல் இல்லை. மணலில் புரளவேண்டிய வயதில் பிள்ளைகளைப் பிடித்து நாற்காலியில் வைத்து வறுக்கிறாரே என்று இருக்கும். சொல்லியும் பார்த்தேன், விளையாட விடுங்களேன் டீச்சர் என்று. மறுவாரமே ‘சுதந்திர விளையாட்டு’ என்று கால அட்டவணையில் அரை மணி நேரம் சேர்த்தார். அதற்கும் சான்றிதழ் வந்தது. ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேலையை மேற்பார்க்கிற மண்டோரைக் கண்டால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற ஆட்கள், பள்ளிக்கூட வாசலில் நின்று “எம்புள்ள சட்டம் படிக்கப்போவுது” என்று சத்தமாகச் சொன்னதை நான் அங்கேதான் கேட்டேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

சேகரின் மகள் தர்ஷினி அந்த வருடம் ஆறு வயது வரிசையில் இருந்தாள். சேகர் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். மனைவி விட்டுப்போய்விட்டாள் என்பது தோட்டத்துக்கே தெரியும், அவனிடம் யாரும் கேட்பதில்லை. தினமும் காலையில் மகளுக்கு இரண்டு சடை போட்டு, இரண்டும் இரண்டு உயரத்தில் நிற்க, வேனில் ஏற்றிவிடுவான். பெண் படுசுட்டி. நேர்முகப் பயிற்சியில் என்னையே திணறடித்தவள். “உன் பலவீனம் என்ன?” என்றால், “அத நீங்களே கண்டுபிடிங்க சார்” என்பாள். டீச்சருக்கு அவள் மேல் உயிர்.

டீச்சரின் சேர்க்கைப் படிவம் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பிள்ளையின் இலட்சியம். இரண்டாம் பக்கத்தில் விரும்பும் பல்கலைக்கழகம், முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு, மூன்றாம் தேர்வு. சேகர் மூன்றிலும் ‘எது கிட்ட இருக்கோ அது’ என்று எழுதியிருந்தான். மூன்றாம் பக்கத்தில் அடியிலும் அடியில் பிறப்புப் பத்திர எண் கேட்கிற சின்னக் கோடு. அதில் ‘பிறகு தருகிறேன்’. டீச்சர் முதல் இரண்டு பக்கத்தைத்தான் படித்தார். மூன்றாம் பக்கத்துக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தார்.

ஆரம்பப் பள்ளியின் ஒன்றாம் ஆண்டுப் பதிவுக்குக் கணினியில் விண்ணப்பிக்கவேண்டும். தோட்டத்தில் பாதிப்பேருக்கு அது வராது என்பதால் டீச்சரே எல்லாருக்கும் செய்து கொடுத்தார். பெற்றோர்கள் பிறப்புப் பத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். சேகர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கடைசி நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் வேனில் ஏறி, “விடுங்கோ தம்பி, சேகரின்ர வீட்ட” என்றார்.

சேகர் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றான். எங்களைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“பொறந்த பத்திரம், சூராட், இல்ல டீச்சர்.”

“துலைஞ்சு போச்சுதோ? புதுசு எடுக்கலாம்.”

“எடுக்கவே இல்ல. கோயில்ல தாலி கட்டுனதோட சரி, கல்யாணத்தையும் பதியல. புள்ள பொறந்த ஒரு மாசத்துல ரெண்டு பேருக்கும் பெரிய சண்ட. புள்ளய வச்சிட்டு அவ போய்ட்டா. ஆஸ்பித்திரியில குடுத்த கடுதாசியும் அவகூடப் போச்சு. அப்புறம் நான் பதியப் போனேன். அம்மா எங்கன்னாங்க. நான் திரும்பி வந்துட்டேன்.”

“ஆறு வருஷமோ!”

“அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன் டீச்சர்.”

பன்னிரண்டு வருடம் கழித்து வரப்போகிற பல்கலைக்கழகத்துக்கு நாற்பத்தேழு சான்றிதழ் சேர்த்து வைத்திருந்த பெண், அரசாங்கக் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. பத்திரம் இல்லையென்றால் அடையாள எண் இல்லை. எண் இல்லையென்றால் அடுத்த ஜனவரியில் எல்லாரும் சீருடை போட்டுக்கொண்டு ஒன்றாம் ஆண்டுக்குப் போக, இவள் மட்டும் வீட்டில். பிறகு வேலைக்கும் இல்லை, லைசென்சுக்கும் இல்லை. இது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அப்படியே வளர்ந்து, ஊருக்குள் எதற்கும் பதில் சொல்லமுடியாமல் அலைகிற ஆட்களை நானே அறிவேன்.

டீச்சர் அப்போதும் கலங்கவில்லை. அவரிடம் ஃபைல் இருந்தது. மறுநாள் சிரம்பானில் பதிவு அலுவலகத்தின் முகப்பு மேசையில் அந்த நீல ஃபைலை வைத்துப் பிரித்தார். முகப்பில் இருந்தவர் ஒரு மலாய்க்கார அம்மா, பொறுமைசாலி. ஒவ்வொரு உறையாகப் புரட்டினார். பயற்றங்காய்ச் சான்றிதழில் நிறுத்தி அது என்ன காய் என்று கேட்டார். டீச்சர் மலாயில் விளக்கினார். வாந்திச் சான்றிதழில் என் கையெழுத்தைக் காட்டி, இவர்தான் அவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் தலையை ஆட்டினேன்.

“அம்மா, நல்ல பிள்ளை என்று தெரிகிறது” என்றார் அந்த அதிகாரி, ஃபைலை மெதுவாக மூடிக்கொண்டு. “ஆனால் இது எல்லாம் நீங்கள் கொடுத்தது. இவளை யார் பெற்றது என்று இதில் ஒன்றிலும் இல்லையே. இவளுடைய அம்மா வரவேண்டும்.”

ரந்தாவ் திரும்பும்போது டீச்சர் வேனின் முன் இருக்கையில் இருந்தார். ஃபைல் மடியில் கிடந்தது. தோட்டத்துச் செம்மண் பாதையில் வேன் திரும்பியபோது சொன்னார்.

“தம்பி, நான் ஒரு விசரி, பைத்தியக்காரி.”

“அப்படியெல்லாம் இல்ல டீச்சர்.”

“மூண்டாம் பக்கத்தைப் பாக்காத மனுசி என்ன டீச்சர்? என்ர அப்பா உயிரோட இருந்தா எனக்கு அறை விழுந்திருக்கும்.”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுவரை அவரைப் பார்த்து நான் பரிதாபப்பட்டதே இல்லை.

தர்ஷினியின் அம்மா ராதா கோலா பிலாவில் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள் என்று சேகருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். “நான் வந்தா அவ கதவச் சாத்திருவா” என்றான். டீச்சரும் நானும் போனோம். கடைக்குள் சூடு தகித்தது. கூடை நிறையச் சட்டைகளுக்கு நடுவே ஒல்லியாக ஒரு பெண். டீச்சர் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, “ஆள் மாறி வந்துட்டீங்க” என்றாள். ஆனால் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்ததை மறந்துவிட்டாள். புகை வந்தது. நான்தான் எடுத்து நிறுத்தினேன்.

டீச்சர் ஃபைலைத் திறந்தார். இவளுக்கும் ஏதாவது சான்றிதழை நீட்டிவிடப்போகிறாரோ என்று பயந்தேன். அவர் ஒவ்வொரு உறையாகத் திருப்பிக் காட்ட மட்டும் செய்தார். “இது சப்பாத்து நாடா தானே கட்டினதுக்கு. இது மழைநாளில தவளையைப் பிடிச்சு, பயப்பிடுற பிள்ளைக்குக் காட்டினதுக்கு. இது பல்லு விழுந்ததுக்கு, மேல்பல்லு, இந்தப் பக்கம்.” ராதா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தர்ஷினி வக்கீல் வேடம் போட்டு எடுத்த படம் வந்ததும் உறையின் மேல் விரலை வைத்தாள். அதற்கு மேல் டீச்சர் உறைகளைப் புரட்டவில்லை.

“இவருக்குத் தெரியாது டீச்சர்” என்றாள். “இப்ப இருக்கிறவருக்கு. எனக்கு ஒரு புள்ள இருக்குன்னே தெரியாது. எங்களுக்கு ரெண்டு வயசுல பையன் இருக்கான். நான் வந்து கையெழுத்துப் போட்டா, நாளைக்கு வீட்டுக்குத் தெரிஞ்சா என்னா பண்ணுவேன்? சொல்லுங்க.”

நாலு வயதுப் பிள்ளையைக்கூட எதற்கும் பதில் தயாராக வைத்திருக்கச் சொல்கிறவர் டீச்சர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை” என்றார். “நீங்கள் வந்தா உங்கட வீடு என்னாகும் எண்டு எனக்கு உண்மையாத் தெரியேல்லை. வராட்டி இவளுக்கு என்னாகும் எண்டு மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை காலமை ஒன்பது மணிக்கு நாங்கள் சிரம்பானில நிப்பம்.”

அவ்வளவுதான். புத்திமதி இல்லை, பெற்ற மனம் பித்து என்கிற வசனம் இல்லை. கருகிய சட்டையின் சொந்தக்காரரிடம் தானே பேசுவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து வேனில் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை சேகர் நீளக் கைச் சட்டை போட்டு வந்தான். தர்ஷினிக்கு வெள்ளைக் காலுறை, பளபளக்கும் சப்பாத்து. முக்கியமான இடத்துக்கு எப்படிப் போகவேண்டும் என்று டீச்சர் பழக்கிய கோலம். எங்கள் எண் வந்தது, போனது. வேறு எண் எடுத்தோம். அதுவும் போனது. சேகர் வாசலைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். பதினொன்றே காலுக்கு ராதா வந்தாள், பஸ்ஸில் வந்த வியர்வையோடு. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து முகப்பில் வைத்தாள். உள்ளே எட்டாக மடித்த கடுதாசி. ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

“அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருந்தேன்” என்றாள் டீச்சரிடம். “எந்த வீட்டுக்குப் போனாலும் எடுத்துட்டுத்தான் போனேன்.”

அதிகாரி கடுதாசியை விரித்துப் படித்தார். ராதாவின் அடையாள அட்டையைப் பார்த்தார். கேள்விகள் கேட்டார். பிறந்த நேரத்தை ராதா நிமிடத்தோடு சொன்னாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன், பத்திரம் வர மாதங்கள் ஆகும், அதுவரை இந்த ரசீதைக் காட்டிப் பள்ளியில் பேசுங்கள் என்றார். பிறகு நல்ல மனதோடுதான் முகப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, “உன் பெயர் என்ன, கண்ணு?” என்று மலாயில் கேட்டார்.

தர்ஷினி எழுந்து நின்றாள். கை இரண்டும் பக்கவாட்டில். வெள்ளிக்கிழமைப் பயிற்சிக்காக மூன்று மொழியில் மனப்பாடம் செய்த அறிமுகப் பேச்சு, கேட்டவர் மலாய்க்காரர் என்பதால் மலாயில் வந்தது. யாரும் தடுக்குமுன் மளமளவென்று கொட்டிவிட்டாள்.

“வணக்கம். என் பெயர் தர்ஷினி. என் வயது ஆறு. என் இலட்சியம் வழக்கறிஞர் ஆவது. என் அப்பா தோட்டத்தில் வேலை செய்கிறார். என் அம்மா குடும்பத்தலைவி. என் அம்மா தினமும் எனக்குப் பிடித்த உணவைச் சமைத்து, எனக்குக் கதை சொல்லித் தூங்கவைப்பார். நான் என் அம்மாவை மிகவும் நேசிக்கிறேன். நன்றி.”

அதிகாரி கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டியபடியே நின்றுவிட்டார். டீச்சரின் வாய் அரைகுறையாகத் திறந்திருந்தது. அந்தப் பேச்சை எழுதியவர் அவர்தான்.

ராதா பிள்ளையைப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்தபடி கேட்டாள். “யாரு டீச்சர் சமைக்கிறா இவளுக்கு?”

டீச்சர் சேகரைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்தான்” என்றான் சேகர்.

“ஒங்களுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாதே.”

“கத்துக்கிட்டேன்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். தர்ஷினிக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நேர்முகம் முடிந்ததும் எதிரில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் சலாம் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்பது பள்ளிச் சட்டம். அதிகாரியின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து, சாட்சிக்கு வந்திருக்கிற ஆண்ட்டி என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்த பெண்ணின் கையை எடுத்து, அதே மாதிரி மரியாதையாக நெற்றியில் ஒற்றினாள். ராதா பிள்ளையின் கையை விடவில்லை. அதிகாரி அடுத்த எண்ணைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராதா கோலா பிலா பஸ்ஸில் போய்விட்டாள். அவள் வீட்டில் என்ன நடந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ரசீதைப் பார்த்துவிட்டு இடம் கொடுத்தார். அது போதும் எங்களுக்கு. ஆனால் அன்றைக்கு வேனில் நாங்கள் யாரும் சந்தோஷமாக இல்லை. பின்னால் அப்பனும் மகளும் தூங்கிவிட்டார்கள். டீச்சர் முன் இருக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“தம்பி, நாப்பது பிள்ளைக்கும் நான் ஒரே அம்மாவை எழுதிக் குடுத்திருக்கிறன்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் மேசையும் நாற்காலியும் போடச் சொன்னார். டை வேண்டாம் என்றார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கட வீட்டில என்ன நடக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ, நான் எழுதுறன் என்றார். கோமதியின் மகன் “எங்கம்மா சத்தம் போடுவாங்க” என்றான். பல்லிக்குப் பயந்தவள், “எங்கம்மா நைட் ஷிப்ட், நான் ஸ்கூலுக்கு வரப்ப தூங்குவாங்க” என்றாள். டீச்சர் ஒன்றையும் திருத்தவில்லை. அதற்கெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் வார்த்தை தேடி மத்தியானம்வரை எழுதினார். கடைசியாக வந்து நின்ற தர்ஷினி, கையைப் பக்கவாட்டில் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்கப்பா சமைப்பாரு டீச்சர். உப்பு ஜாஸ்தியா இருக்கும். நான் ஒண்ணும் சொல்லாம சாப்ட்ருவேன்.”